கூல்வெனுக்கு ஒரு மெழுகுச் சிலுவை

போர்மெலென்
10 ஜனவரி 1932

அசெனோருக்கு,

நீ போன மறுநாள் அடுப்பைச் சுரண்டினேன். மெழுகு சாம்பலோடு குழைந்து கல்லில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. மீன் கத்தியை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கத்தெல் அம்மா வாசலில் வந்து நின்றாள். "விடுடி மரிவோன். அதுவும் அவன் வீடுதானே, கொஞ்சம் அங்கயே கெடக்கட்டும்" என்றாள். அவளுடைய எர்வேயும் என் தம்பியோடு அதே படகில் போனவன்தான். அவள் தன் மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டாள். அந்த 'விடிவெள்ளி'ப் படகில் போன ஐந்து பேரில் நான்கு பேருக்குச் செய்தாகிவிட்டது. என் தம்பி கூல்வெனுக்கு மட்டும்தான் இல்லை. ஏனென்றால் அவன் பெண்டாட்டி அவன் சிலுவையைப் பிடுங்கி, பக்கத்து வீட்டுக்காரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் போட்டாள்.

நான் உன்னை அறைந்தது தப்பு என்று எழுதச் சொன்னார் சாமியார். எழுதிவிட்டேன்.

குழந்தை எப்படி இருக்கிறாள்? நாந்த் நகரத்துப் புகை அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா? பிஸ்கட் கம்பெனியில் உன்னை நிற்க வைத்து வேலை வாங்குகிறார்களா, உட்கார விடுகிறார்களா? இங்கே மீன் தொழிற்சாலையில் எங்களை எந்தக் காலத்திலும் உட்காரவிட்டதில்லை. மத்தி வந்தால் விடிய விடியத் தலை கிள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வாரம் மத்தி வரவில்லை, அதனால்தான் கடுதாசி எழுத நேரம் கிடைத்தது.

விஷயம் இதுதான். மே மாதம் பிரசங்கச் சாமியார்கள் வருகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவித்தார்கள். உனக்கு அதன் அர்த்தம் புரியாது. உள்நாட்டு முட்டைக்கோஸ் தோட்டத்திலிருந்து வந்தவள் நீ. இத்தனை வருஷம் எங்களோடு இருந்தும் ஒரு நாள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அதனால் இப்போது சொல்கிறேன். கடல் ஒருவனை எடுத்துக்கொண்டு உடம்பைத் திருப்பித் தராவிட்டால், அந்தச் சின்ன மெழுகுச் சிலுவைதான் அவன் உடம்பு. மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்து, ஊர் கூடி இராத்திரி விழித்திருக்கும். காலையில் சாமியார் வந்து, சவத்தை எடுப்பது போலவே அதைக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போவார். பூசை முடிந்தால் சூசையப்பர் பீடத்தின் கீழே உள்ள மரப்பெட்டியில் வைப்பார்கள். பிரசங்கச் சாமியார்கள் வருகிற வருஷம் மட்டும்தான் அந்தப் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் கல்லறைத் தோட்டத்துக் கல்மாடத்துக்குக் கொண்டுபோவார்கள். என் அப்பா அங்கேதான் இருக்கிறார். அவருடைய அண்ணன்மார் இருக்கிறார்கள். ஐஸ்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போன காலத்து ஆட்கள், இன்றைக்குப் பேர்கூட யாருக்கும் தெரியாதவர்கள், அத்தனை பேரும் அங்கேதான்.

இந்த மே மாதம் தவறினால் மறுபடி எப்போது வருவார்கள் என்று சாமியாருக்கே தெரியாது. நான்கு பேரும் உள்ளே போய்விடுவார்கள். கூல்வென் மட்டும் வெளியே நிற்பான்.

வந்து முடித்துவிட்டுப் போ. அதற்குப் பிறகு நீ எங்கே வேண்டுமானாலும் இரு.

மரிவோன்


நாந்த்
24 ஜனவரி 1932

மதினிக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறாள். லெனாயிக் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். இங்கே நம் பிரெத்தோன் மொழி பேசினால் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அதனால் வாயே திறப்பதில்லை. என் அத்தை வீட்டில் ஒரே கட்டில். மூன்று பேரும் குறுக்கே படுத்துக்கொள்கிறோம்.

அறைந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கத் தேவையில்லை. என் அம்மா அதைவிடக் கனமாக அடிப்பாள்.

ஆனால் அன்றைக்கு நடந்ததை நான் சொல்லவேயில்லை, நீங்களும் கேட்கவில்லை. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தெல் அம்மா உள்ளே வந்தாள். ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பின்னாலேயே இன்னும் நான்கு பெண்கள். ஒருத்தி என் மேசையிலிருந்த தோலைத் துடைத்து எறிந்தாள், இன்னொருத்தி துணி விரித்தாள். பிறகு உங்கள் தம்பியின் ஞானத்தகப்பன் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "இன்னைக்கு ராத்திரி உன் வீட்ல கூல்வெனுக்கு விழிப்பு, மகளே" என்றார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, ஊரில் கடைசி ஆளாக. நீங்கள் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆள் செத்தால் உடம்பு இருக்கும். குளிப்பாட்டுவோம். நகம் வெட்டுவோம். நெற்றியைத் தொட்டால் கல்போலச் சில்லென்று இருக்கும். அப்புறம்தான் அழுகை வரும். நீங்கள் மெழுகைக் கொண்டுவந்து இதைப் பார்த்து அழு என்கிறீர்கள். எனக்கு வரவில்லை. என்ன செய்வது?

அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் சொன்னதே இல்லை. ஊரில் அப்படிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பைத்தியம் இல்லை. எனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்து துறைமுக அலுவலகத்துக்குப் போகிறேன். கரை ஒதுங்கிய ஆட்களைப் பற்றி எல்லாக் கரைகளிலிருந்தும் அங்கே தகவல் வருகிறது. அங்கே ஒரு கிழட்டுக் குமாஸ்தா. "மறுபடியும் நீங்களா அம்மா?" என்பார். "மறுபடியும் நான்தான்" என்பேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். திரும்பி நடந்து வீட்டுக்கு வருவதற்குள் கால் விண் விண் என்று தெறிக்கும். பேக்கிங் மேசையில் உட்கார விடுவதில்லை, நீங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன்.

மே மாதத்தைப் பற்றி என்னால் இப்போது எதுவும் சொல்ல முடியாது.

அசெனோர்


போர்மெலென்
16 பிப்ரவரி 1932

அசெனோருக்கு,

உன் கடிதத்தை மூன்று வாரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் வந்தது, கோபம் அடங்கியதும் தூக்கம் வந்தது.

உன்னிடம் கேட்காமல் செய்தது சரியில்லை என்று கத்தெல் அம்மாவும் சொல்கிறாள். "புருஷனைப் பறிகொடுத்தவகிட்ட பொழுதோட போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாய் தேஞ்சா போயிருக்கும்?" என்று தொழிற்சாலையில் எல்லார் முன்னாலும் கேட்டாள். அவளிடம் யார் எதிர்த்துப் பேசுவது? மத்தித் தலையைக் கிள்ளுவது போலவே மனுஷனையும் கிள்ளிப் போடுவாள்.

சாமியாரிடம் போனேன். நீ இல்லாமலே செய்துவிடலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். போன முறை நீ கேட்டதாகவே அவர் நினைத்துவிட்டாராம். பெண்டாட்டி இருந்தால் பெண்டாட்டி, இல்லாவிட்டால் தாய். இவர்கள் கேட்டால்தான் சிலுவை. "தாய் செத்துட்டாளே சாமி" என்றேன். "அப்ப பெண்டாட்டிதான்" என்றார். "அக்கா?" என்று கேட்டேன். அவர் பாவம், சின்ன வயசு, வெளியூர்க்காரர். பழைய கோயில் புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்காவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

ஒன்றும் சொல்லவில்லைதான். கூல்வென் பிறந்த மாசமே அம்மா போய்ச் சேர்ந்தாள். பக்கத்து வீட்டுப் பாலை வாங்கித் துணியில் நனைத்து அவன் வாயில் வைத்தது நான். அப்பா காணாமல் போனபோது அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சிலுவைக்குப் பின்னால் நடந்தேன். அவன் முதல் முறை கடலுக்குப் போகிற அன்றைக்கு அவன் சட்டைக்குப் பித்தான் தைத்தது நான். அவனுக்காகத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஊர் சொல்லும். அது பொய், என்னை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் என் கையில் அவனைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. நீ வந்தாய். எடுத்துக்கொண்டாய். சரி, அதுதான் முறை. இப்போது அவன் இல்லை. அவனை முடித்து வைக்கிற உரிமையும் உன்னிடம்தான் இருக்கிறது. நீ அங்கே பிஸ்கட் அடுக்கிக்கொண்டு தெரியாது, தெரியாது என்கிறாய்.

எனக்குத் தெரியும் அசெனோர். செப்டம்பர் புயல் ஓய்ந்து மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்தபோது நான் அலைதாங்கிச் சுவரில் நின்றேன். கடைசியாக வந்த படகுக்காரன் என்னைப் பார்த்ததும் பாய்க்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். அப்போதே எனக்குத் தெரியும்.

மத்தி இன்னும் வரவில்லை. முழங்கால் வலிக்கிறது. லெனாயிக்குக்கு ஒரு ஜோடி காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன், பெரிதாக இருந்தால் அடுத்த வருஷம் போடட்டும்.

மரிவோன்


நாந்த்
13 மார்ச் 1932

மதினிக்கு,

காலுறை சரியாக இருக்கிறது.

நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படியுங்கள். கத்தெல் அம்மா பக்கத்தில் இருந்தால் உள்ளே போய்ப் படியுங்கள்.

போன சனிக்கிழமை குமாஸ்தா தலையை ஆட்டவில்லை. "உக்காருங்கம்மா" என்றார். வாந்தே கரைக்கு எதிரே ஒரு தீவு. இலையுதிர் காலத் தொடக்கத்தில் அங்கே ஒரு மீனவன் உடம்பு ஒதுங்கியதாம். யாரென்று தெரியாமல் புதைத்துவிட்டார்களாம். தகவல் எங்கெங்கோ சுற்றி இப்போதுதான் இங்கே வந்திருக்கிறது. குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு, ரயில் ஏறி, பிறகு நீராவிப் படகு ஏறிப் போனேன். வழியெல்லாம் வாந்தி. கடலில் நான் கால் வைத்தது அதுதான் முதல் முறை. அவரோடு ஒரு நாளும் போனதில்லை.

கல்லறை வெட்டுகிறவரின் மனைவி பெயர் ஃபெலிசி. அவள்தான் அந்த உடம்பைக் கழுவினவள். என்னை அடுப்பங்கரையில் உட்கார வைத்து சூப் கொடுத்தாள். "எத்தனையோ பேர் ஒதுங்குறாங்க, தேடிக்கிட்டு வந்தது நீ ஒருத்திதாம்மா" என்றாள். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து ஒரு துண்டுத் துணியை என் கையில் வைத்தாள். அவன் கால்சட்டை முழங்காலில் ஒட்டுப் போட்டிருந்ததை வெட்டி எடுத்திருக்கிறாள். "யாராவது பொம்பளை வந்தா அவ கைத்தையல் அவளுக்குத் தெரியும்னு எடுத்து வச்சேன்."

நீலத் துணியில் பழுப்பு நூல். சின்னச் சின்னத் தையல், நெருக்கமாக. என் தையல் நீளமாக இருக்கும், உங்களுக்கே தெரியும், எத்தனை முறை குறை சொல்லியிருக்கிறீர்கள்.

"ஆள் உயரமா?" என்று கேட்டேன்.

"இல்ல, குட்டைதான். அகலமான ஆளு. இடது கையில சுண்டு விரலும் அடுத்ததும் இல்ல."

"மீன் தின்னிருக்குமோ?"

"இல்லம்மா. பழைய காயம். தோல் மூடி வழுவழுன்னு இருந்துச்சு. நான்தானே கழுவுனேன்."

மதினி, அது எர்வே. பாய்மரக் கயிற்றுச் சக்கரத்தில் விரலைக் கொடுத்துவிட்டு, "மிச்சம் எட்டு இருக்கு, அது போதும்" என்று சாராயக் கடையில் எல்லாருக்கும் காட்டிச் சிரித்தவன் வேறு யார்? தையல் கத்தெல் அம்மாவுடையது.

இல்லை, என் ஆள் இல்லை என்று ஃபெலிசியிடம் சொன்னேன். "அப்ப ஏன் அழுவுற?" என்றாள். "நடந்து வந்த களைப்பு" என்றேன்.

அவர் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி அவர்மேல் அப்படி ஒரு கோபம். எர்வேக்கு வரத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லையா என்று. ஊருக்குத் திரும்பும் படகில் வாந்திகூட வரவில்லை. எதுவும் வரவில்லை.

கத்தெல் அம்மாவிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா? அவள் ஏற்கெனவே மகனை எடுத்து முடித்துவிட்டாள். மறுபடி தோண்ட வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. துணியை இதோடு வைத்து அனுப்புகிறேன். நீங்கள் முடிவு செய்யுங்கள். என்னால் முடியவில்லை.

அசெனோர்


போர்மெலென்
29 மார்ச் 1932

அசெனோருக்கு,

நல்ல காரியம் செய்தாய், போ. துணியை எனக்கு அனுப்பிவிட்டு நீ தூங்கினாயா? நான் தூங்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு முடியட்டும் என்று காத்திருந்தேன். தொழிற்சாலையில் கத்தெல் அம்மாவுக்கு எதிரே நின்று வேலை செய்துகொண்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே, "என்னடி, பத்து நாளா செத்த மீன் மாதிரி முழிக்கிற?" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வெளியே கூட்டிப் போய்த் துணியைக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "நீல நூல் தீந்து போச்சு. அதான் பழுப்பு" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், தீவு, விரல், கழுவின பெண், எல்லாம்.  அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. "அப்ப நான் அன்னைக்கு யாருக்குடி விழிச்சிருந்தேன்? அவன் மண்ணுக்குள்ள கெடக்கான், நான் இங்க மெழுகுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டிருந்தேனா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். 

கவுனைக்கூட மாற்றாமல், மீன் செதிலோடு நேரே கோயிலுக்கு நடந்தாள். பட்டப்பகல். சாமியார் பூக்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். "பெட்டியைத் தொறங்க சாமி. என் மகன் உள்ள இல்ல. அவனுக்கு ஒடம்பு இருக்கு. ஒடம்பு இருக்கிறவனுக்குச் சிலுவை எதுக்கு?"

"இதுக்கு முறை ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் அவர்.

"முறை இல்லைன்னா தடையும் இல்ல. தொறங்க."

திறந்தார். உள்ளே நான்கு சிலுவைகள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே மெழுகு. சாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. "இதுல உங்க மகனோடது எதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். கத்தெல் அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஒரே படகுல போனவனுங்க. மாறிப் போயிருந்தாலும் கோவிச்சுக்க மாட்டானுங்க."

நான் சிரித்துவிட்டேன். கோயிலுக்குள், பீடத்துக்கு முன்னால். சாமியார் என்னைத்தான் முறைத்தார், அவளை முறைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஊர் இப்போது இரண்டாகக் கிடக்கிறது. பெட்டியில் வைத்ததை எடுக்கலாமா, எடுத்தால் கடல் என்ன செய்யும் என்று பாதிப் பேர். அவள் மகன், அவள் மெழுகு என்று மீதிப் பேர். கத்தெல் அம்மா இரண்டு பக்கத்தையும் காதில் வாங்கவில்லை. தீவுக்குப் போக வேண்டும் என்கிறாள். அவள் இதற்குமுன் ரயிலில் ஏறியதில்லை. நானும்தான். சிலுவையை அவனோடு மண்ணில் வைத்துவிட்டு வந்துவிடுவதாகச் சொல்கிறாள்.

வியாழக்கிழமை ரயிலில் நாந்த் வருகிறோம். நிலையத்துக்கு வா. எனக்காக வேண்டாம், அவளுக்காக வா.

மரிவோன்


நாந்த்
17 ஏப்ரல் 1932

மதினிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கத்தெல் அம்மா மறந்துவிட்டுப் போன குடையை அத்தை பத்திரமாக வைத்திருக்கிறாள்.

போகவர மூன்று நாள் கூடவே இருந்தும் நாம் இருவரும் பேசியது மிகக் குறைவு. "உப்பை எடு", "இந்தப் பக்கம் உட்காரு", "குழந்தைக்குக் குளிருது." ரயிலில் கத்தெல் அம்மாதான் நம் இருவருக்குமாகச் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேரும் ஊமைச்சிங்களா இருக்கீங்களே, உங்களுக்கு நடுவுல உக்காந்து எனக்கு வாய் வலிக்குதுடி" என்று சலித்துக்கொண்டது நினைவிருக்கிறதா?

தீவில் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கத்தெல் அம்மா மண்ணைக் கிளறிச் சிலுவையை வைத்தாள், மூடினாள், கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். ஃபெலிசியிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுவினதற்கு நன்றி என்று பிரெத்தோனில் சொன்னாள். ஃபெலிசிக்குப் புரியவில்லை, ஆனால் தலையை ஆட்டினாள். இருவரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான் லெனாயிக்கின் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் இன்னும் அங்கேயே மண்டியிட்டிருந்தீர்கள். கையை மணிக்கட்டுவரை அந்த மண்ணுக்குள் விட்டிருந்தீர்கள். தேடுகிற மாதிரி. பிறகு அழுதீர்கள். அந்த மாதிரி அழுகையை நான் கேட்டதில்லை. லெனாயிக் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை ஏன் எர்வே மாமாவுக்கு இவ்வளவு அழுறாங்க?" என்றாள்.

எர்வேக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதுவரை நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், நீங்கள் ஊருக்காகச் செய்கிறீர்கள், வழக்கத்துக்காகச் செய்கிறீர்கள், என்னை வழிக்குக் கொண்டுவரச் செய்கிறீர்கள் என்று. பால் துணியைப் பற்றி நீங்கள் எழுதியதைக்கூட என்னைக் குத்துவதற்கு எழுதியதாகத்தான் படித்தேன்.

நேற்று அலுவலகத்துக்குப் போகவில்லை. போன வாரம் குமாஸ்தாவே சொல்லிவிட்டார்: "இனிமே வராதீங்கம்மா. வர வேண்டியவங்க எல்லாம் குளிர்காலத்துலயே வந்துட்டாங்க." நல்ல மனிதர். அவர் சொன்னதால் நிறுத்தவில்லை. முடியவில்லை, அவ்வளவுதான். கால் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. சாப்பிடுகிறேன், அடுக்குகிறேன், படுக்கிறேன். படுத்தால் தூக்கம் மட்டும் வருவதில்லை. செப்டம்பரிலிருந்தே அப்படித்தான். அத்தை ஏதேதோ கஷாயம் போட்டுக் கொடுக்கிறாள்.

சிலுவையைச் செய்யச் சொல்லுங்கள். பெண்டாட்டி கேட்டதாகச் சாமியாரிடம் சொல்லுங்கள். நான் வருகிறேன். ஆனால் எனக்கு இப்போதும் அது மெழுகுதான். செபம் சொல்லமாட்டேன், என்னைச் சொல்லச் சொல்லக் கூடாது. ஊர்ப் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எழுந்து போய்விடுவேன். சிலுவைக்குப் பக்கத்தில் முதல் நாற்காலி எனக்கு வேண்டாம். அதில் நீங்கள் உட்காருங்கள். பூசை முடிந்ததும் முதல் பேருந்தில் கிளம்பிவிடுவேன், மறுநாள் வேலை இருக்கிறது.

அசெனோர்


போர்மெலென்
15 மே 1932

அசெனோருக்கு,

போன வாரம் பூசை முடிந்ததும் நீ பேருந்து ஏறியதைக் கோயில் வாசலிலிருந்து பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்று எல்லாரையும் கல்மாடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நல்ல வெயில், காற்றே இல்லை. நான்கு பேரும் ஒன்றாகப் போனார்கள், கூல்வெனும் சேர்த்து. எர்வேயின் பேரையும் சாமியார் வாசித்தார். கத்தெல் அம்மா போய்க் கேட்டிருக்கிறாள், மறுக்க அவருக்குத் தெம்பில்லை.

விழிப்பு அன்றைக்கு நீ தவறவிட்டதைச் சொல்கிறேன். முதல் நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு நீ என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாய். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு. சண்டைக்கு வந்தவள் மாதிரி இருந்தாய். பழைய மாலுமி தியோ பாட்டை ஆரம்பித்தார். உனக்குத் தெரியுமே, அவர் ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் உன் தலை என் தோளில் வந்து விழுந்தது.

அழுகிறாய் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் தூங்குகிறாய். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

வீடு முழுக்க ஆட்கள். எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி எழுந்து வந்து உன்னைத் தட்டப் போனாள். "புருஷன் விழிப்புல தூங்குறாளே, இதென்ன கூத்து" என்று முணுமுணுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தொட்ட, கையை ஒடிச்சிருவேன்" என்றேன்.  கத்தெல் அம்மா பாட்டுக்காரரிடம் போய், "கொஞ்சம் மெதுவாப் பாடுய்யா, புள்ள தூங்குது" என்றாள். அவர் சந்தேகத்தோடு லெனாயிக்கைப் பார்த்தார். லெனாயிக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு விடியும்வரை அத்தனை பாட்டையும் தாழ்ந்த குரலிலேயே பாடினார்கள். ஆண்கள் வெளியே போய்த்தான் இருமினார்கள். இந்த ஊரில் இவ்வளவு மெதுவாக ஒரு விழிப்பு நடந்ததே இல்லை.

சாமியாரின் விருந்தாளியாக ரென் நகரத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்திருந்தார், கவனித்தாயா? நம் வழக்கங்களை எழுதி வைக்கிறவராம். மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். காலையில் என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, விதவை நாத்தனார் தோளில் தூங்குவதும் பழைய முறையா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் என்றேன். எழுதிக்கொண்டார். இனி அதுவும் வழக்கம்தான், போ.

கோயில் மணி அடித்ததும் நீ திடுக்கிட்டு எழுந்தாய். "ஏன் எழுப்பலை மதினி?" என்று கேட்டாய். சாமியார் உள்ளே வந்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எட்டு மாசமாக நீ தூங்கவில்லை என்று எழுதியிருந்தாய். விழித்திருக்க ஊரே இருந்தது.

நான் கூல்வெனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பாதி நேரம் உன் தலை சரிந்து விழாமல் இருக்க வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ கனமாகத் தூங்குகிறவள். கூல்வெனும் சின்ன வயசில் அப்படித்தான் என்மேல் விழுந்து தூங்குவான். அன்றைக்கு அது எனக்குப் போதுமாக இருந்தது.

தோள் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இடது கையைத் தூக்க முடியவில்லை, தொழிற்சாலையில் ஒரு கையால் கூடை இழுக்கிறேன். என்ன ஆச்சு என்று கேட்கிறவர்களிடம், மூட்டையைத் தூக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மரிவோன்